என் எஞ்சினைத் தேடி வந்தவள்

போட்டில் போகிற எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டு போவார்கள். டிரைவர் மட்டும் பார்க்கமாட்டான். கொச்சிக்கு வராதவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். டிரைவர் என்றால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிறவன் என்று நினைப்பு. அது ஸ்ராங்கின் வேலை. அவர் மேலே, முன்னால், காற்று வாங்கிக்கொண்டு கம்பீரமாக நிற்பார். டிரைவர் கீழே, படகின் வயிற்றுக்குள், எஞ்சினோடு உட்கார்ந்திருப்பான். மேலிருந்து ஒரு கயிறு இறங்கி வரும், அதன் நுனியில் ஒரு மணி. ஸ்ராங்க் இழுக்கிற இழுப்பைக் கேட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும், குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டும், பின்னால் எடுக்க வேண்டும். ஜெட்டி வந்ததா, எதிரே கப்பல் நிற்கிறதா, மழை வருமா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அப்படி உட்கார்ந்தே முப்பது வருஷம் கொச்சிக் காயலில் போயும் வந்தும் இருக்கிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சி முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில், இருபத்தைந்து வயதில், எனக்கு மட்டாஞ்சேரியிலிருந்து, ஐலண்டு என்கிற துறைமுகத் தீவு வழியாக எறணாகுளம் போகிற போட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. பழைய மரப் போட்டு. அதைவிடப் பழைய எஞ்சின். எஞ்சின் அறையில் இரண்டு பக்கமும் காற்றுக்காகச் சதுரமாக ஒரு சன்னல் வெட்டியிருப்பார்கள். என் தலை மட்டும் அதில் நுழையும். கையை நீட்டினால் தண்ணீர் படும். வெளி உலகம் என்று எனக்கு இருந்தது அந்த இரண்டு சதுரங்கள்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில், மழை விட்டுப் பல மாதம் ஆன ஒரு வெயில் நாள். மட்டாஞ்சேரி ஜெட்டியை விட்டுச் சுக்கு மிளகு கிடங்குகளின் பின்சுவர்களைத் தாண்டியிருப்போம். 'புஸ்' என்று ஒரு சத்தம், கோலி சோடா உடைத்தது போல. எனக்கு உயிரே போய்விட்டது. குழாய்தான் எங்கேயோ விட்டுவிட்டது என்று எஞ்சினைச் சுற்றி ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடியும் 'புஸ்'. சத்தம் சன்னலிலிருந்து வந்தது. தலையை நீட்டினேன். ஒரு முழம் தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு எங்களோடு வந்துகொண்டிருந்தது. முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் ஒரு துண்டு இல்லை, தோசையைக் கடித்து வைத்த மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒருக்களித்துப் படுத்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

ஆடு மாடு நம்மைப் பார்ப்பது வேறு. இது, 'ஓ, உள்ளே நீதானா' என்று பார்த்த பார்வை. எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்து அதுவரை யாரும் என்னை விசாரித்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

எறணாகுளத்தில் இறங்கியதும் ஓடிப்போய் ஸ்ராங்கிடம் சொன்னேன். அவர் ஆலப்புழைக்காரர், என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர், தமிழன் என்பதால் என்னை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். ஒரு வாரமாக அதை அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கடல்பன்னி, காயல் கடலில் சேர்கிற அழிமுகம் வழியாக உள்ளே வந்திருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்றார். ஒரு வாரமாகத் தெரிந்தும் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று முழுக்க அவர் வாங்கிக் கொடுத்த சாயாவைத் தொடவில்லை. மறுநாள் அதே இடத்தில், சட்டப்படியான மணி எதிலும் சேராத ஒரு மெல்லிய இழுப்பு வந்தது. சும்மா கிணுங்கென்று. நான் புரிந்துகொண்டு சன்னலுக்கு ஓடினேன். வந்திருந்தது. அன்று முதல் அந்தக் கிணுங்கல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிலைத்துவிட்டது. மேலதிகாரி யாருக்கும் அது தெரியாது.

சில வருஷம் கழித்து, ஐலண்டில் ஏறுகிற ஒரு கல்லூரிப் பையன் அது பாட்டில் மூக்கு டால்பின் என்று விளக்கம் கொடுத்தான். ஸ்ராங்க் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கள்ளுப் பாட்டிலா அரிஷ்டப் பாட்டிலா என்று கேட்டார். பையன் அதற்குப் பிறகு எங்களிடம் விளக்கம் எதுவும் சொன்னதில்லை.

தினமும் வந்தது என்று சொன்னால் பொய். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். கிடங்குகளைத் தாண்டியதும் சேர்ந்துகொள்ளும், ஐலண்டின் வடக்கு முனை வரை கூட வரும், கப்பல் போகிற ஆழமான கப்பல்சால் தொடங்குகிற இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். வருகிற நாளெல்லாம் என் சன்னலுக்கு நேராகத்தான் வரும். இடது பக்கம் பார்த்தால் இடது பக்கம், நான் வலது சன்னலுக்கு மாறினால் அடியில் புகுந்து வலது பக்கம். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். எஞ்சின் பதிவேட்டில் எண்ணெய் விவரம் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில், அது வந்த நாளெல்லாம் தமிழில் 'வந்தது' என்று எழுதி வைத்தேன். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இதென்ன என்று கேட்டார். எஞ்சின் சம்பந்தமான விஷயம் என்றேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

ஏனென்றால் அது ஏன் வருகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் எஞ்சினுக்கு ஒரு நடை உண்டு. நாலு அடி ஒழுங்காக அடித்து ஐந்தாவது அடியில் கொஞ்சம் தடுக்கும். ஒரு நாசில் சரியில்லை. ஒர்க்ஷாப்பில் சொன்னால் சாயா குடிக்கிற நேரத்தில் மாற்றிவிடுவார்கள். நான் சொல்லவில்லை. காயலில் ஐம்பது போட்டு ஓடுகிறது, எல்லாம் ஒரே மாதிரி தடதடக்கிறது, எங்கள் போட்டு ஒன்றுதான் தடுக்கித் தடுக்கிப் போகிறது. அந்தத் தடுக்கலைக் கேட்டுத்தான் அது எங்களைக் கண்டுபிடிக்கிறது என்பது என் கட்சி. சோதனைக்கு ஃபிட்டர் வருகிற நாளில் மட்டும் நாசிலைத் தட்டித் துடைத்து எஞ்சினை யோக்கியமாக ஓடவைப்பேன். அவர் போனதும் பழையபடி விட்டுவிடுவேன். ஓர் எஞ்சினைக் கெட்டுப்போன நிலையில் அக்கறையோடு காப்பாற்றிய டிரைவர் கேரளத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஸ்ராங்க் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சக்கரம் பிடிக்கிற பதத்துக்குத்தான் அது வருகிறதாம். வேறு ஸ்ராங்குகள் தண்ணீரை வெட்டுகிறார்களாம், இவர் தடவுகிறாராம். நான் விடுவேனா. போட்டில் ஏறுகிறவர், இறங்குகிறவர், கயிறு வீசும் லாஸ்கர், சாயாக்கடைக்காரர் என்று யார் கிடைத்தாலும் பிடித்துவைத்து, அது என் எஞ்சினுக்காகத்தான் வருகிறது என்று நிரூபித்துக்கொண்டே இருந்தேன். மட்டாஞ்சேரி ஜெட்டியில் இந்த விஷயத்தை என் வாயால் கேட்காதவர்கள் கிடையாது. பின்னால் நான் பட்ட பாட்டுக்குக் காரணம் இந்த வாய்தான்.

மழைக்காலத்தில் ஆறுகளெல்லாம் செந்நிறமாக வந்து காயலில் விழும். உப்பு குறைந்துவிடும். அப்போது அது கடலுக்குப் போய்விடும். ஜூன் முதல் ஓணம் வரைக்கும் சன்னலில் வெறும் கலங்கல் தண்ணீரும் மிதந்து வருகிற பாயல் பூண்டும்தான். ஓணம் முடிந்ததும் எங்களுக்குள் ஒரு போட்டி தொடங்கும். மழைக்குப் பிறகு அதை முதலில் பார்க்கிறவருக்கு மற்றவர்கள் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தர வேண்டும். முதலில் மேலே இருக்கிறவருக்குத் தெரியுமா, கீழே இருக்கிறவனுக்குத் தெரியுமா. நியாயமாக ஸ்ராங்க்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அவர் பார்த்ததும் வழக்கத்தை விடாமல் கிணுங்க வைத்துவிடுவார், நான் சன்னலில் தலையை விட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் கத்திவிடுவேன். பழம்பொரி எனக்குத்தான். இப்படி ஆறேழு வருஷம் அவருடைய பழம்பொரியைத் தின்றிருக்கிறேன். கடைசி வரை அவர் அந்தக் கிணுங்கலை நிறுத்தவில்லை என்பதை இப்போது நினைத்தால் அவர் மேல் தாங்க முடியாத பிரியம் வருகிறது.

அப்படி ஒரு வருஷம், ஓணம் கழிந்து திரும்பி வந்தபோது, அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று. கை நீளம்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன், அதைவிடக் கொஞ்சம் பெரிசு. தாய் ஒரு தடவை மூச்சு விட்டால் குட்டி இரண்டு தடவை விட்டது, அவசரமாக. நாங்கள் அதுவரை அதை 'அவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஸ்ராங்க் ஐலண்டு ஜெட்டியில் போட்டைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்து, எஞ்சின் அறை வாசலில் நின்று, ஆறு வருஷமாக ஒரு பெண்ணை ஆண் என்று கூப்பிட்டிருக்கிறோமே அண்ணாச்சி, அவள் என்ன நினைத்திருப்பாள் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அன்றிலிருந்து அவள்.

என் மனைவி சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தாள். அவளுக்கு இதெல்லாம் வீட்டுச் செய்தி. வேலை முடிந்து வந்ததும் நான் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், இன்றைக்குச் சின்ன வீடு வந்ததா என்று கேட்பாள். வந்தது என்றால், அதுதான் முகத்தில் எழுதியிருக்கிறதே என்பாள். வரவில்லை என்றால், அதுதான் குழம்பில் குற்றம் கண்டுபிடிக்கிறீர்களா என்பாள். குட்டி விஷயத்தைச் சொன்னபோது, சின்ன வீட்டில் குழந்தையும் ஆயிற்றா என்று கிடங்கு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அவள் ஒரு தடவைகூட டால்பினைப் பார்த்ததில்லை. எத்தனையோ நாள் போட்டில் வந்திருக்கிறாள். அவள் ஏறுகிற நாளில் மட்டும் அது வராது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே அவள் பாதிதான் நம்பினாள் என்று எனக்குச் சந்தேகம்.

பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் இப்படியே போயிற்று. மூன்று குட்டிகளைப் பார்த்துவிட்டேன். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், எங்கள் போட்டுக்குப் புது எஞ்சின் வைக்கப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. மற்ற டிரைவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் கீழே இறங்கிப் போய்ப் பழைய எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தேன். புது எஞ்சின் தடுக்காது. தடுக்காத எஞ்சினை அவள் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாள்? இந்த ஒரு கேள்வி சோற்றில் கல் மாதிரி அத்தனை நாளும் என்னோடு இருந்தது. போதாததற்கு அதே மாதம் ஸ்ராங்கும் பணி முடிந்து ஆலப்புழைக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஓணம் முடிந்த கையோடு, போட்டு பட்டறையிலிருந்து வந்தது. புது எஞ்சின் பளபளவென்று இருந்தது. என்ன சத்தம். கீழே உட்கார்ந்தால் என் குரலே எனக்குக் கேட்காது. ஆனால் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. பழைய எஞ்சினில் பாதி வழி வந்திருக்கும் நேரத்தில் எறணாகுளம் ஜெட்டியில் நின்றது. புது ஸ்ராங்க் விதி தவறாதவர், அடிக்க வேண்டிய மணியை மட்டும் அடிப்பார். கிடங்குகளைத் தாண்டியதும் இடது சன்னலைப் பார்த்தேன். வலது சன்னலைப் பார்த்தேன். தண்ணீர் தெறித்து முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம், ஒரு மாதம். ஓணத்துக்குப் பிறகு டிசம்பர் வரை ஒரு நாள்கூட அந்தச் சன்னல்களில் அவள் வரவில்லை. பதிவேட்டில் எண்ணெய் விவரத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். மேலே இருப்பவர்களுக்குக் கண் இல்லையா என்ன. ஆனால் பதிமூன்று வருஷமாக, என் எஞ்சினுக்காகத்தான் வருகிறாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன், இப்போது போய் அவளைப் பார்த்தீர்களா என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்டால் சிரிப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். லாஸ்கர் மட்டும் சில நாள் எஞ்சின் அறைக்குள் தலையை நீட்டி, முன்பக்கம் கையைக் காட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். சத்தத்தில் அவன் சொல்வது கேட்காது. உன் ஆளைக் காணவில்லையே என்று கிண்டல் செய்கிறான் என்று எனக்கு ஆத்திரம். ஒரு நாள் எண்ணெய்த் துணியை அவன் மேல் எறிந்தேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

அப்போதுதான் கேள்விப்பட்டேன், எங்கள் பழைய எஞ்சினைப் பழுது பார்த்து, எறணாகுளத்திலிருந்து வைப்பின் தீவுக்குப் போகிற ஒரு போட்டில் வைத்திருக்கிறார்கள் என்று. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் எஞ்சினோடு போய்விட்டாள். வைப்பின் போட்டின் டிரைவரை எனக்குத் தெரியும், வெற்றிலையைத் தவிர உலகத்தில் எதிலும் ருசி இல்லாத மனிதன். அவன் சன்னலில் அவள் கண் வைத்துப் பார்ப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது நாள் சொல்லிவிட்டாள்.

"வைப்பின் போட்ல ஏறிப் பாத்துட்டு வந்துருவோம். அது அங்க இருந்தா இருக்கட்டும். நீங்க இப்படி உம்முன்னு உக்காந்திருந்தா எனக்குக் கை வேலை ஓடமாட்டேங்குது."

என் ஓய்வு நாளில் கிளம்பினோம். எங்கள் போட்டில் போனால் எங்கே போகிறீர்கள் என்று லாஸ்கர் கேட்பான் என்று, தோப்பும்படி பாலம் வழியாகச் சுற்றிப் பஸ்ஸில் எறணாகுளம் போனோம். வைப்பின் போட்டில் பயணியாக டிக்கெட் எடுத்து, மேலே, பலகையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போட்டில் இப்படி உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போட்டு கிளம்பியது. காலுக்குக் கீழே என் எஞ்சின் ஓடியது. நாலு அடி எண்ணினேன். ஐந்தாவது அடிக்குக் காதைத் தீட்டினேன். தடுக்கவில்லை. நாசிலை மாற்றிவிட்டார்கள். நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது அது. அப்படியென்றால் அவள் இங்கேயும் இல்லை. இந்தக் காயலில் அவளுக்கு இனி என்னைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

நடுக்காயலுக்கு வந்திருப்போம். ஐலண்டின் வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு போட்டு எறணாகுளத்துக்கு வந்துகொண்டிருந்தது. வேகமான வரவு. மூக்குக்கு முன்னால் தண்ணீர் வெள்ளையாகப் புரண்டு எழுந்தது. எங்கள் போட்டுதான். பயணிகள் பாதிப் பேர் முன்பக்கத்தில் குவிந்து நின்றிருந்தார்கள். லாஸ்கர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெள்ளைத் தண்ணீரிலிருந்து அவள் எழுந்தாள். முழுசாக. மூக்கு, வயிறு, வால் எல்லாம் காற்றில். துடுப்பில் கடிபட்ட அந்த இடத்தை அவ்வளவு தூரத்திலும் நான் பார்த்தேன். அவள் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி எழுந்து, குதிக்கத் தெரியாமல் குப்புற விழுந்தது. மறுபடி இரண்டும் எழுந்தன. போட்டைத் தள்ளிக்கொண்டு போகிற தண்ணீர் இரண்டையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. பதிமூன்று வருஷம் பழகியவளை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன். இத்தனை நாளும் எனக்கு ஒரு கண்ணும் ஒரு முதுகும்தான் கிடைத்திருந்தன.

பழைய எஞ்சினின் வேகத்துக்கு மூக்கில் அலை எழும்பாது. அதனால் பக்கத்தில் வந்து என் சன்னலை எட்டிப் பார்த்தாள். இப்போது முன்னால் சறுக்கி விளையாட அலை கிடைத்துவிட்டது, அங்கே போய்விட்டாள். அவ்வளவுதான் விஷயம். நான் கீழே உட்கார்ந்து இரண்டு சன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம், அவள் எனக்குப் பத்துப் பதினைந்து முழம் முன்னால் ஆடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையைப் பிடிக்க மறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் போட்டு போகிற பக்கமே பார்த்தாள். பக்கத்தில் காலி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த வைப்பின்காரி ஒருத்தி, இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்பதுபோல எங்களைப் பார்த்தாள்.

"ஆ போட்ல புது எஞ்சின் வச்ச பின்னே தெவசமும் உண்டு. தள்ளையும் குட்டியும். அதிலெ டிரைவர் பாக்யவான்" என்றாள். அந்தப் போட்டோடு தாயும் குட்டியும் தினமும் வருகிறதாம்.

என் மனைவி திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"அந்த டிரைவர் இந்தா இருக்காரு" என்று என்னைக் காட்டினாள்.

மீன்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பின்னே நீங்க இதில் எங்க போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனைவியும் சிரித்தாள், காரணம் தெரியாமலே மீன்காரியும் சிரித்தாள். வைப்பின் ஜெட்டியில் கரைக்கு இறங்காமல், அதே போட்டில் திரும்பிவிட்டோம். எறணாகுளத்தில் மட்டாஞ்சேரி போட்டு நின்றிருந்தது. மனைவி கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிப்போனேன். லாஸ்கர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, முன்பக்கம் கையைக் காட்டி, நகர்ந்து இடம் விட்டான்.